மெதுவா மாஸ்டர் இடித்த வண்டி

மெதுவா மாஸ்டருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அந்த டிரைவிங் ஸ்கூலின் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயருக்கு வேலை இருந்ததில்லை. முப்பத்தோரு வருஷமாக அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்தவர்கள், இறங்கிப் போகும்போது காதில் மிச்சமிருந்த ஒரே வார்த்தையை அவருக்கே சூட்டிவிட்டார்கள். கிளட்சை மெதுவா விடுங்க. மெதுவாத் திருப்புங்க. பின்னாடி ஹார்ன் அடிக்கிறவன் அடிக்கட்டும், நீங்க மெதுவா. சொல்வதுதான் மெதுவா, சொல்கிற வாய்க்கு மட்டும் ஒரு நிமிஷம் ஓய்வு கிடையாது. வண்டி நகரத் தொடங்கினால் அவர் பேச்சும் தொடங்கும். வண்டி நின்று சாவியைத் திருகின பிறகுதான் பேச்சும் நிற்கும்.

பயிற்சி வண்டியில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், இன்னொன்று மாஸ்டரின் காலடியில். புதிதாக வேலைக்கு வரும் மாஸ்டர்கள் எதையாவது பார்த்துப் பதறி அந்த இரண்டாவது பிரேக்கை ஓங்கி மிதித்துவிடுவார்கள். வண்டி நிற்கும், கற்றுக்கொள்கிறவர் முகம் விழுந்துவிடும். நம் மாஸ்டரின் வழி அதுவல்ல. முதலில் வாய், பிறகுதான் கால். "பிரேக்" என்பார். ஒரு நொடி பொறுப்பார். மிதிக்க வேண்டியவர் மிதித்துவிட்டால் "சபாஷ்". மிதிக்கவில்லையென்றால்தான் தன் காலை வைப்பார். அந்த ஒரு நொடியைக் கொடுக்காவிட்டால் எவனும் எதையும் கற்றுக்கொள்ள மாட்டான் என்பது அவர் கட்சி. எவ்வளவு தூரத்தில் சொன்னால் அந்த நொடி தாங்கும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. முப்பத்தோரு வருஷத்தில் அவர் உட்கார்ந்திருந்த வண்டி எதன் மீதும் உரசியது கிடையாது.

வீட்டில் அவருக்கு யாருமில்லை என்று சொன்னால் அது பொய். மனைவி இருக்கிறாள், மகள் இருக்கிறாள், இரண்டு பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லாரும் இருக்கிறார்கள், அந்த வீட்டில்தான் இல்லை. மகளுடைய முதல் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று சொல்லி ஒரு பெட்டியோடு போனவள் மனைவி. குழந்தை பிறந்தது. மகள் வேலைக்குத் திரும்பினாள், குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. அப்புறம் இரண்டாவது குழந்தை. அப்புறம் சம்பந்தியம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன். முதல் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது, மூன்று மாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

முதலில் தினமும் பேசிக்கொண்டார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு வந்துவிட்டது. இவர் கூப்பிட்டால் அது எப்போதுமே தப்பான நேரமாக இருந்தது: ஒன்று குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் அப்போதுதான் எழுந்திருக்கும். "நானே கூப்பிடறேங்க" என்று வைத்துவிடுவாள். சரி, அவளே கூப்பிடட்டும் என்று இவரும் விட்டுவிட்டார். சண்டை போட்டுப் பிரிந்தவர்களுக்காவது சமாதானமாக ஒரு வழி இருக்கும். சண்டையே போடாதவர்கள் எதைச் சொல்லிச் சமாதானமாவது?

ஆனால் வெளியில் விசாரித்தால் கதை வேறு. போன வருஷம் ஒரு கல்யாணத்தில் மாஸ்டரின் தங்கை அவரைப் பிடித்துக்கொண்டு, அண்ணி சொன்னாளே, நீ தினமும் சாயங்காலமானால் போன் பண்ணிவிடுகிறாயாமே, எங்கள் வீட்டிலும் ஒருத்தர் இருக்கிறாரே என்று அலுத்துக்கொண்டாள். மாஸ்டர் திகைத்துப்போய், ஆமாம் என்று தலையாட்டி வைத்தார். மனைவி அப்படிச் சொல்லித் திரிகிறாள் என்பது அன்றுதான் தெரிந்தது. வருத்தத்தை விட, விட்டுக்கொடுக்காமல் பேசியிருக்கிறாளே என்ற சின்னச் சந்தோஷம்தான் அவருக்கு வந்தது. மனுஷனுக்கு எதிலெல்லாம் சந்தோஷம் வருகிறது பாருங்கள்.

ஆக, அவருக்கு மனுஷத் துணை என்பது அந்த வண்டிதான். ஒரு நாளைக்கு ஆறு பேர் முழங்கை இடிக்கிற தூரத்தில் வந்து உட்காருவார்கள். பயப்படுவார்கள், வியர்ப்பார்கள், சொந்தக் கதை சொல்வார்கள், முதல்முறை மேட்டில் வண்டியை நிறுத்தி எடுத்ததும் குழந்தை மாதிரி சிரிப்பார்கள். கடைசி ஆளை இறக்கிவிட்ட பிறகு வண்டியை ஸ்கூலுக்குக் கொண்டுவந்து விடவேண்டும். அந்த இருபத்தைந்து நிமிஷம்தான் கொஞ்சம் கஷ்டம்.

அந்தக் கஷ்டத்துக்கு அவராக ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தார். மனைவிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் சொல்லிக்கொடுக்கிறேன் என்றபோது, "நீங்கதான் இருக்கீங்களே, எனக்கு எதுக்கு?" என்று மறுத்துவிட்டவள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம் நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது, இவளுக்கு இப்போது சொல்லிக்கொடுப்பதென்றால் எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. யோசனை வாய்க்கு வந்தது. மறுநாள் அது பாடமாகவே ஆகிவிட்டது. ஸ்டியரிங் இவர் கையில், ஓட்டுவது அவள். இதிலுள்ள குழப்பம் அவருக்குத் தெரியாமலில்லை. கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில் எந்த ஏற்பாடும் நடக்கும். இரண்டு வருஷத்தில் அவள் நன்றாகவே தேறியிருந்தாள். கியர் மாற்றும்போது மட்டும் கீழே குனிந்து பார்க்கிற பழக்கம் போகவில்லை. அதற்கு அவர் தினமும் திட்டுவார். நடுநடுவே பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்றும் கேட்டுக்கொள்வார்.

அடுத்த மாதம் மாஸ்டருக்கு அறுபது. அறுபது ஆனால் பயிற்சியாளர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். கண் பரிசோதனை முடிந்துவிட்டது, ரத்த அழுத்தம் முடிந்துவிட்டது. ஒரே ஒரு தாள்தான் பாக்கி. வண்டி ஓட்டும்போது குடிப்பது, போன் பேசுவது போன்ற குற்றம் இவர் மீது எதுவும் கிடையாது என்று ஸ்கூல் முதலாளி கையெழுத்துப் போடவேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் வண்டியில் ஏற முடியாது. ஆபீசில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து விண்ணப்பப் படிவம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் யாரும் முழங்கை இடிக்கப்போவதில்லை.

புதன்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு அது நடந்தது. அன்றைய கடைசி ஆளான தையல்காரம்மாவை அவர் கடை வாசலில் இறக்கிவிட்டு மாஸ்டர் திரும்பிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு புத்தம்புதுக் கார், இருக்கைகளில் போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கவில்லை, பின்கண்ணாடி வழியாகவே தெரிந்தது. சிக்னலில் மஞ்சள் விழுந்தது. புதுக்கார் தாண்டிவிடும் போலிருந்தது, பிறகு மனசு மாறிச் சட்டென்று நின்றது.

மாஸ்டர் அதைப் பார்க்காமல் இல்லை. நன்றாகவே பார்த்தார். பார்த்ததும் வாய் தன் வேலையைச் செய்தது. "பிரேக்" என்றார். ஒரு நொடி பொறுத்தார்.

அவள் மிதிப்பாள் என்றுதான் பொறுத்தார். முப்பத்தோரு வருஷமாக எல்லாருக்கும் கொடுத்த நொடியை அவளுக்கும் கொடுத்தார். மிதிக்க வேண்டிய கால் தன்னுடையது என்று புரிந்தபோது டமாலென்று சத்தம் கேட்டுவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை எதற்காகச் சறுக்கியது என்று யாரும் கேட்பதில்லை.

அடி பெரிதில்லை. புதுக்காரின் பம்பர் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது, ஒரு பின்விளக்கில் கீறல். பயிற்சி வண்டிக்கு நம்பர் பலகை வளைந்தது, அவ்வளவுதான். ஆனால் புதுக்காரிலிருந்து இறங்கி வந்தவரைப் பார்த்தால் வீடே இடிந்துபோன மாதிரி வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், கட்டம் போட்ட சட்டை. கதவை அறைந்து சாத்திய வேகத்தில், இடித்ததைவிட அந்தக் கதவுக்குத்தான் அதிகம் வலித்திருக்கும். வண்டி வாங்கி ஆறு நாள் ஆகிறது என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். பிறகு பயிற்சி வண்டியின் தலையிலிருந்த பலகையைப் படித்தார். டிரைவிங் ஸ்கூல் வண்டி என்று தெரிந்ததும் அவர் கோபத்துக்கு இன்னொரு மாடி எழும்பியது.

கூட்டத்துக்கு எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ, ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்றார் ஒருவர். வாத்தியாரே இப்படியென்றால் பிள்ளைகள் எப்படி என்று இன்னொருவர் எரிகிற கொள்ளியில் எண்ணெய் விட்டார். மாஸ்டர் இறங்கி நின்று கையைக் கூப்பினார்.

"தப்பு என்னோடதுதான் தம்பி. எழுதிக் கொடுத்துடறேன், இன்சூரன்ஸ்ல..."

"யாருக்கு யாரு தம்பி?" என்றார் கட்டம்போட்ட சட்டைக்காரர். "கண்ணாடியில பாத்துட்டேதான் வந்தேன். ரெண்டு சிக்னலா உன் வாய் ஆடிட்டே இருக்கு. யார்கிட்டய்யா போன்ல பேசிட்டு வந்தே?"

"போன் எல்லாம் இல்ல சார்."

"அப்ப யார்கிட்ட பேசினே?"

ஒரு வார்த்தையில் முடிகிற விஷயமா அது? மாஸ்டர் குனிந்து நம்பர் பலகையைத் தடவியதைப் பார்த்துக் கூட்டத்துக்கே சந்தேகம் தீர்ந்துவிட்டது, போன்தான். இடித்தது மட்டும் என்றால் பயமில்லை. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் இன்சூரன்ஸ்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், அந்தத் தாளில் அதற்கு இடமில்லை. போன் என்ற வார்த்தையில்தான் பயம். அந்த ஒரு வார்த்தை முதலாளி காதில் விழுந்தால் கையெழுத்து போச்சு. கட்டம்போட்ட சட்டைக்காரர் கதவில் எழுதியிருந்த விலாசத்தைப் படித்துவிட்டு, உன் முதலாளியிடமே கேட்டுக்கொள்கிறேன், முன்னால் போ, பின்னாலேயே வருகிறேன் என்றார்.

அந்தச் சாலையில் இரண்டு வருஷத்தில் முதல்முறையாக மாஸ்டர் வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டினார். கண்ணாடியில் புதுக்கார் விடாமல் தெரிந்தது, அதற்குள்ளிருந்து இரண்டு கண்கள் இவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. பேசாமல் வரும்போதுதான் அந்த வண்டி எவ்வளவு காலியாக இருக்கிறது என்று தெரிந்தது. ஸ்டியரிங்கில் தையல்காரம்மா விட்டுப்போன ஒரு நூல் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டியில் வேறு மனுஷ வாடையே இல்லை. அவருக்கு அழுகை வரும் போலிருந்தது, ஆனால் அதையும் அந்த ஆள் கண்ணாடியில் பார்த்துத் தொலைப்பானே என்று அடக்கிக்கொண்டார்.

ஸ்கூல் முதலாளியம்மாவும் ஒரு காலத்தில் மாஸ்டரிடம் படித்தவள்தான். முதல் நாள் கிளட்சை மிதிக்கப் பயந்து அழுத பெண். இன்று ஆறு வண்டிக்கும் எட்டு மாஸ்டர்களுக்கும் எஜமானி. மேஜைக்கு எதிரில் யார் கத்தினாலும் குரலை உயர்த்தாமல் பேசத் தெரிந்தவள். கட்டம்போட்ட சட்டைக்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டாள். பிறகு, போன் விஷயம் மட்டும் இருக்காது என்றாள். இந்த ஸ்கூலில் யாராக இருந்தாலும் வண்டியில் ஏறியதும் போனை டாஷ்போர்டுப் பெட்டியில் போட்டு மூடிவிட வேண்டும், அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே இந்த மாஸ்டர்தான் என்றாள்.

"தனியா வரும்போது பெட்டியில போட்டாரா இல்லையான்னு யார் பாத்தா?" என்றார் அவர்.

"போனைக் காட்டிடுங்க மாஸ்டர். முடிஞ்சுடும்."

மாஸ்டர் தயங்கினார். தப்பு செய்தவன் தயக்கம் என்று அந்த ஆள் நினைத்துக்கொண்டிருப்பார். அது வேறு தயக்கம். ஆனாலும் கொடுக்காமல் முடியாது. கொடுத்தார். கட்டம்போட்ட சட்டைக்காரர் அழைப்புப் பட்டியலைத் திறந்து கோர்ட்டில் வாசிப்பது போல உரக்க வாசிக்க ஆரம்பித்தார். இன்றைக்கு ஒன்றுமில்லை. நேற்றைக்கும் ஒன்றுமில்லை. முந்தாநாள் ஸ்கூல் நம்பர், அரை நிமிஷம். அதற்கு நாலு நாள் முன்னால் சிலிண்டர்காரர். அதற்கு முன்னால் மறுபடியும் ஸ்கூல். விரலால் தள்ளத் தள்ள அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "வீடு" என்று ஒரு பெயர் வந்தது. பத்தொன்பது நாளைக்கு முன்னால். நாற்பத்திரண்டு நொடி.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. முதலாளியம்மா மேஜைமேல் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கு முன்னால் சட்டையைக் கழற்றிக்கொண்டு நிற்பது போல மாஸ்டருக்குக் கூசியது. குற்றவாளி என்று நிரூபித்திருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

"அவருக்கு வாய் சும்மா இருக்காது சார்," என்றாள் முதலாளியம்மா. "முப்பது வருஷமா கிளாஸ் எடுக்கறவர். பழக்க தோஷத்துல தனக்குத்தானே சொல்லிட்டு வந்திருப்பார். இல்லையா மாஸ்டர்?"

"ஆமாம்மா," என்றார் மாஸ்டர். முழு உண்மையில்லை என்றாலும் பொய்யில்லை.

கட்டம்போட்ட சட்டைக்காரர் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். போனைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினார். மாஸ்டருக்கு மூச்சு வந்தது. கையெழுத்துப் போடவேண்டிய தாள் மேஜையின் மேல் இழுப்பறையில்தான் இருக்கிறது, அது அவருக்குத் தெரியும். அப்போது அந்த மனுஷருக்கு ஒரு யோசனை வந்தது. நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நெட் வழியாகப் பேசினால் இந்தப் பட்டியலில் வராதே என்றார். மாஸ்டருக்கு நெட் வழியாவது, குறுக்கு வழியாவது, ஒன்றும் தெரியாது. அதையே சொன்னார்.

"சரி, உங்க வீட்டுக்கே போட்டுக் கேக்கறேன். அவங்க பேசலைன்னு சொல்லட்டும். நானே உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்."

முதலாளியம்மா அது நியாயமில்லை என்று ஆரம்பித்தாள். மாஸ்டர்தான் தடுத்தார். போடச் சொன்னார். கொஞ்சம் உற்சாகமாகவே சொன்னார் என்றுகூடச் சொல்லலாம். பேசவில்லை என்பதற்கு அவளைவிடப் பெரிய சாட்சி யார்? அதோடு இன்னொன்றும் இருந்தது, அவர் யாரிடமும் ஒத்துக்கொள்ளாதது. பத்தொன்பது நாள் கழித்து அவள் குரலைக் கேட்க ஒரு காரணம் கிடைத்திருந்தது.

நாலாவது மணியில் எடுத்தாள். ஸ்பீக்கரில் முதலில் குழந்தைகள் சத்தம், தொலைக்காட்சிச் சத்தம், யாரது என்று விசாரிக்கிற சம்பந்தியம்மாவின் குரல். "அவர்தான்," என்று அங்கே சொல்லிவிட்டு, "என்னங்க, நானே கூப்பிடலாம்னு இருந்தேன்," என்றாள்.

"அம்மா, நான் அவர் இல்ல. அவர் இங்கதான் பக்கத்துல இருக்கார், நல்லாத்தான் இருக்கார். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி உங்ககூட போன்ல பேசிட்டிருந்தாரா?"

ஒரு கணம் பதில் இல்லை. பின்னால் சம்பந்தியம்மாவின் குரல் நின்றிருந்தது; காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறாள் என்று மாஸ்டருக்கு இங்கிருந்தே தெரிந்தது. அந்த மௌனத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். விருந்தாளி வந்திருக்கும்போது அலமாரியில் ஒன்றுமில்லை என்றால் அவள் இப்படித்தான் ஒரு கணம் நிற்பாள். பிறகு சிரித்துக்கொண்டே வெளியே வருவாள்.

"பேசினாரே," என்றாள். குரலில் அந்தச் சிரிப்பு இருந்தது. "தினமும் இந்த நேரத்துக்குப் பேசிடுவாரே. ஒரு நாள் தவறினா அவருக்குத் தூக்கமே வராது. ஏன், நீங்க யாரு?"

சும்மாதான் அம்மா, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அவர் வைத்தார். போனை மேஜைமேல் மெல்ல வைத்தார். ஜெயித்தவர் கத்தவில்லை, அதுதான் ஆச்சரியம்.

முதலாளியம்மா மாஸ்டரைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க மாஸ்டர். அவங்க ஏதாவது நாள் மாத்திச் சொல்லிட்டாங்களா?"

தப்பிக்க ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள் முதலாளியம்மா, போய்விடலாம். ஒரே வாக்கியம் போதும். மனைவி பொய் சொல்கிறாள், என்னோடு பேசுவதே இல்லை. அந்தப் பட்டியலே சாட்சி. சொல்லிவிட்டால் தாளில் கையெழுத்து விழும், நாளைக் காலை வழக்கம்போல முதல் ஆள் வந்து பக்கத்தில் உட்காருவார். சொல்லாவிட்டால் கண்ணாடித் தடுப்பு.

மாஸ்டருக்கு மனைவிமேல் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? தினமும் பேசுவதாக ஊரெல்லாம் சொல்லத் தெரிந்தவளுக்கு, ஒரு நாளாவது பேசத் தெரியவில்லையே என்று வந்தது. ஆனால் அவள் சிரித்துக்கொண்டே சொன்ன விதத்தில் அவளுடைய பயமும் இருந்தது. அடுத்தவர் வீட்டில், சம்பந்தியம்மா காதுக்குப் பக்கத்தில், புருஷனோடு பேச்சுவார்த்தை இல்லாத மனுஷியாக அவளால் நிற்க முடியாது. முப்பத்திரண்டு வருஷம் இவருக்கு மனைவியாக இருந்தவள் அவள். முன்பின் தெரியாத ஒரு கட்டம்போட்ட சட்டைக்கு முன்னால் அவளைப் பொய்க்காரி ஆக்க இவருக்கு நாக்கு வரவில்லை.

"அவ ஏன் மாத்திச் சொல்லப்போறா?" என்றார். "அவகூடத்தான் பேசிட்டு வந்தேன். தப்புதான்."

கட்டம்போட்ட சட்டைக்காரர் வேண்டியதைப் பெற்றுவிட்டார். ஒத்துக்கொண்டால் போதும், புகாரெல்லாம் எழுதவில்லை, இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். இந்தத் தடவை குரலில் சத்தமில்லை. "பெரியவரே, வண்டிய ஓரங்கட்டிட்டுப் பேசுங்க. தினமும் பேசறதுக்கு ஒரு ஆள் இருக்கறதே பெரிய விஷயம். எத்தனை பேருக்கு இருக்கு?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார். அவர் பிளாஸ்டிக் உறை போட்ட காரில் தனியாகத்தான் வந்திருந்தார் என்பது மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது.

முதலாளியம்மா இழுப்பறையைத் திறக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அவளுக்குப் போன் பெட்டி வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தவரே இவர்தான், அதை வைத்தே இவரை இறக்க வேண்டியிருக்கிறதே என்று அவள் தவிப்பது தெரிந்தது. எப்படிப்பட்ட ஆளாக இருந்தாலும் போன் என்றால் மன்னிப்பு கிடையாது, அதை நீங்கள்தானே மாஸ்டர் சொன்னீர்கள் என்றாள். மாஸ்டர், ஆமாம் அம்மா, நான்தான் சொன்னேன் என்றார். திங்கட்கிழமையிலிருந்து ஆபீசில் இருங்கள், எனக்கும் துணையாக இருக்கும் என்றாள். நல்ல பெண். மாஸ்டர் வண்டிச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வளைந்த நம்பர் பலகையை நிமிர்த்தப் போனார். அது நிமிரவில்லை.

வீட்டுக்கு நடந்தே போனார். வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. நடக்கிறவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு போனால் ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கதவைத் திறந்து விளக்கைப் போட்டபோது மணி ஏழரை. போன் அடித்தது. "வீடு" என்று காட்டியது.

"யாருங்க அது? அப்போலேர்ந்து எனக்குப் படபடன்னு வருது. உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல. ஒரு சின்ன விஷயம். ஆபீஸ்ல கேட்டாங்க."

"சம்பந்தியம்மா பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. மாப்பிள்ளையும் இருந்தார். பத்தொம்பது நாளாப் பேசலைன்னு எப்படிங்க சொல்றது? அதான் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

மாஸ்டர் கையிலிருந்த பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றார். இத்தனை நாளும் எண்ணிக்கொண்டிருந்தது தான் ஒருவர் மட்டும்தான் என்று நினைத்திருந்தார். அங்கேயும் ஒருத்தி எண்ணியிருக்கிறாள். எண்ணிவிட்டும் கூப்பிடாமல் இருந்திருக்கிறாள். அவரும் அதையேதான் செய்திருந்தார்.

"நான் சொன்னதால வம்பு ஒண்ணும் வரலையே?" என்று கேட்டாள்.

"ஒரு வம்பும் இல்ல. நீ சொன்னதுக்கு அப்புறம்தான் அந்த ஆள் கிளம்பிப் போனான்."

"அப்பாடா," என்றாள். பிறகு மனசு லேசாகி, பெரியவனுக்குப் பல் விழுந்ததை, சின்னவள் படியில் இறங்கக் கற்றுக்கொண்டதை, மாப்பிள்ளைக்கு இடமாற்றம் வரும் போலிருப்பதை எல்லாம் சொன்னாள். மாஸ்டர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் வேலையைப் பற்றிக் கேட்டபோது, எல்லாம் வழக்கம்போலத்தான் என்றார். பதினோரு நிமிஷம் பேசினாள். நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லித்தான் வைத்தாள். மறுநாள் சாயங்காலம் ஐந்தே முக்காலிலிருந்து மாஸ்டர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.